உரிந்த தோலை வெட்டாதீர்கள்: முதியவர்களின் தோல் கிழிசலுக்கு வீட்டில் கட்டுப் போடும் முறை

அப்பாவுக்கு 84 வயது. போன ஐப்பசியில் ஒரு நாள் இரவு பாத்ரூம் போக எழுந்தவர், இரும்புக் கட்டிலின் மூலையில் காலை இடித்துக்கொண்டார். விளக்கைப் போட்டுப் பார்த்தால், முழங்காலுக்குக் கீழே தோல் வெங்காயச் சருகு மாதிரி சுருண்டு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. அவர் என்னவோ, "ஒண்ணுமில்லம்மா, தோல் வழண்டிருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

காலையில் பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். சுருண்ட தோலைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, பஞ்சு வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து அந்தப் பிளாஸ்திரியை உரித்தபோது, நன்றாக இருந்த தோலும் இன்னொரு இடத்தில் கூடவே வந்துவிட்டது. அந்தப் புண் ஆற 11 வாரம் ஆனது. பங்குனியில் தாழ்ப்பாள் கிழித்து முன்கையில் இதே மாதிரி ஆனபோது, அதற்குள் நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டிருந்தேன். அந்தக் காயம் 19 நாளில் மூடியது. காலைவிடக் கை சீக்கிரம் ஆறும் என்பது உண்மைதான். ஆனால் பெரிய வித்தியாசம், இரண்டாம் தடவை அந்தத் தோலைத் தூக்கி எறியாமல் அதே இடத்தில் திரும்ப விரித்து வைத்ததுதான். மற்றபடி இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாமே அந்தத் தோலைக் காப்பாற்றுவதற்கான வழிகள்தான்.

1. முதல் பத்து நிமிடம்: அழுத்திப் பிடியுங்கள்

முதலில் அவரை உட்கார வையுங்கள், அல்லது படுக்க வையுங்கள். வயதானவர்கள் தங்கள் ரத்தத்தைப் பார்த்தே மயங்கிவிடலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சுத்தமான காஸ் துணியோ துவைத்து வைத்த பருத்தித் துணியோ எடுத்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் நேராக அழுத்திப் பிடியுங்கள். தேய்க்கக் கூடாது. கையையோ காலையோ இரண்டு தலையணை மேல் உயர்த்தி வையுங்கள்.

கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் பிடியுங்கள். நடுவில் "நின்னுடுச்சா" என்று தூக்கிப் பார்த்தால், உறைய ஆரம்பித்த ரத்தம் மறுபடி கசியும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பத்து நிமிடத்தில் வீட்டில் யாராவது காபித்தூளோ மஞ்சள்தூளோ எடுத்துக்கொண்டு வருவார்கள். அன்பாகத்தான் வருகிறார்கள், ஆனால் போட விடாதீர்கள். தூள் புண்ணுக்குள் ஒட்டிக்கொண்டால் அதை எடுப்பதற்காகவே மறுபடி தோலைச் சுரண்ட வேண்டிவரும். கிருமியும் அதோடு உள்ளே போகும்.

கிழிந்த கையில் மோதிரமோ வளையலோ இருந்தால், வீக்கம் வருவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

2. வீட்டில் பார்க்கக் கூடியதா, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதா

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்:

- 15 நிமிடம் விடாமல் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை.
- புண்ணுக்குள் மஞ்சள் கொழுப்போ, சதையோ, வெள்ளை நரம்பு மாதிரியோ தெரிகிறது.
- தோலுக்கு அடியில் ரத்தம் கட்டி, இடம் மேடாக, விண்ணென்று இறுகி நிற்கிறது.
- விழுந்ததில் தலையும் அடிபட்டிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், வெளியே ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.
- சர்க்கரை நோயாளிக்குப் பாதத்திலோ, ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்த காலிலோ கிழிந்திருக்கிறது.
- எலும்பு முறிந்திருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது.

தோல் கிழிசலை மருத்துவத்தில் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். உரிந்த தோலைத் திரும்ப விரித்தால் புண் முழுதும் மூடுவது முதல் வகை. ஒரு பகுதி போய்விட்டு, பாதிதான் மூடுவது இரண்டாவது. தோல் முழுதாகப் போய், அடிப்பகுதி சிவப்பாகத் திறந்து கிடப்பது மூன்றாவது. முதல் வகையை வீட்டிலேயே கவனிக்கலாம். இரண்டாவது சிறியதாக இருந்தால் வீட்டில் முதல் கட்டைப் போட்டுவிட்டு மறுநாள் டாக்டரிடம் காட்டுங்கள். மூன்றாவதை அன்றைக்கே காட்டுவது நல்லது. என் அப்பாவின் காலில் இருந்தது முதல் வகை. வெட்டி எடுத்ததால் அது மூன்றாவது வகை ஆனது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

3. கழுவுவதற்குச் சலைன் போதும்

மருந்துக் கடையில் 'நார்மல் சலைன்' என்று கேளுங்கள். 0.9 சதவீத உப்புக் கரைசல். 100 மில்லி, 500 மில்லி பாட்டில்களில் கிடைக்கும். நூறு ரூபாய்க்குள்தான் ஆகும். அறைச் சூட்டில் இருக்கட்டும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றாதீர்கள். மெதுவாக ஊற்றி, தோலின் மடிப்புக்குள் இருக்கும் உறைந்த ரத்தமும் அழுக்கும் வெளியேறும்வரை அலசுங்கள். சலைன் இல்லாத ராத்திரி நேரம் என்றால், கொதிக்க வைத்து ஆறிய குடிநீர் போதும்.

திறந்த பாட்டிலை மூடி வைத்து அடுத்த வாரம் பயன்படுத்த வேண்டாம். அதனால்தான் சின்ன பாட்டிலாக நாலைந்து வாங்குவது நல்லது.

டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் வேண்டாம். கிருமியோடு சேர்த்து, ஆறுவதற்கு முளைக்கும் புதுத் திசுவையும் அவை கெடுத்துவிடும். பீட்டாடைனைத்தான் கடையில் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அது தோலைக் காய வைக்கும், நமக்கோ அந்தத் தோல் ஈரமாக உயிரோடு இருக்க வேண்டும். சீழ் பிடித்த புண்ணுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம். பவுடர் தூவுவதும் இப்படித்தான்: கட்டியாகி ஒட்டிக்கொண்டு, அடுத்த தடவை உரிக்கும்போது வலிக்கும்.

கழுவிய பிறகு சுற்றியுள்ள நல்ல தோலைக் காஸ் துணியால் ஒற்றி எடுங்கள். புண்ணை ஒற்ற வேண்டாம், அது ஈரமாகவே இருக்கட்டும்.

4. உரிந்த தோலைத் திரும்ப விரித்து வைப்பது

இதற்கு நல்ல வெளிச்சமும் கால் மணி நேரமும் வேண்டும். அவசரமாகச் செய்யும் வேலை இல்லை. கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு உட்காருங்கள்.

சுருண்டிருக்கும் தோல் காய்ந்திருந்தால் உடனே இழுக்காதீர்கள், கிழிந்துவிடும். சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியை அதன் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்திருங்கள். தோல் ஊறி மிருதுவாகும். அப்புறம் அந்தத் தோல் எந்தப் பக்கம் உடம்போடு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். புத்தகத்தின் அட்டை மாதிரி ஒரு பக்கம் ஒட்டியும் மறுபக்கம் விட்டும் இருக்கும். ஒட்டியிருக்கும் பக்கத்தில் ஆரம்பித்து, விட்டிருக்கும் ஓரத்தை நோக்கி, கையுறை போட்ட விரலாலோ சலைனில் நனைத்த பட்ஸாலோ உருட்டி உருட்டி விரியுங்கள். இடுக்கியால் பிடித்து இழுக்க வேண்டாம்.

அப்பாவின் முன்கையில் இதைச் செய்தபோது, சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருண்டிருந்த தோல், விரிந்து விரிந்து கடைசியில் ஒரு தீப்பெட்டியின் அகலத்துக்கு வந்தது. அவ்வளவு தோல் அதற்குள் மடிந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. "அசையாம இருங்கப்பா" என்று மூன்று தடவை சொல்லியிருப்பேன். அவர் அசையவில்லை, என் கைதான் நடுங்கியது. முதல் தடவை உங்களுக்கும் நடுங்கும். நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி ஆரம்பிக்கலாம். ஒன்றும் கெட்டுவிடாது.

ஓரம் ஓரத்தோடு சரியாகச் சேரவில்லை என்றால் இழுத்துச் சேர்க்காதீர்கள். இழுபட்ட தோலுக்கு ரத்தம் போகாது, அது கறுத்துவிடும். எதுவரை சுலபமாக வருகிறதோ அதுவரை போதும். நடுவில் இடைவெளி இருந்தால் அது தானாக மூடிக்கொள்ளும்.

விரித்த தோல் இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறியோ நீலம் பாய்ந்தோ கருஞ்சிவப்பாகவோ இருந்தால், கட்டுப் போட்டுவிட்டு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். பிழைக்காத தோலை எடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு செய்ய வேண்டியது. வீட்டில் கத்தரிக்கோல் எடுக்கவே எடுக்காதீர்கள்.

தையல் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். இந்த வயதில் தோல் காகிதம் மாதிரி மெலிந்திருக்கும், ஊசியும் நூலும் அதையே மேலும் கிழிக்கும். ஒட்டும் பட்டைகளும் வேண்டாம்.

5. எந்தக் கட்டு, என்ன செலவு

நாங்கள் பணத்தை வீணாக்கியது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புண்ணைத் தொடும் முதல் அடுக்கு புண்ணில் ஒட்டக் கூடாது. பஞ்சும் காய்ந்த காஸ் துணியும் ஒட்டும், எடுக்கும்போது தோலும் கூடவே வரும். ஒட்டாத அடுக்குக்கு இரண்டு வழி உண்டு.

முதலாவது, சிலிக்கோன் ஃபோம் கட்டு. தோலைத் தொடும் பக்கம் சிலிக்கோன், அதன் மேல் நீரை உறிஞ்சும் பஞ்சணை. மெபிலெக்ஸ் பார்டர் என்பது இந்த வகை. வேறு கம்பெனிகளும் செய்கின்றன. வலிக்காமல் எடுக்கலாம், நனையாமல் இருந்தால் பல நாள் விட்டுவைக்கலாம். ஒரு தாள் சில நூறு ரூபாய், அளவுக்கும் கம்பெனிக்கும் ஏற்ப மாறும். எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் உள்ள கடையிலோ சர்ஜிக்கல் கடையிலோ கேளுங்கள். பெட்டியாக வாங்க வேண்டியதில்லை, ஒற்றைத் தாளாகவும் தருவார்கள். புண்ணின் ஓரத்தைவிடச் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டராவது பெரிதாக இருக்கும் அளவை வாங்குங்கள்.

இரண்டாவது, பாராஃபின் காஸ். மெழுகு எண்ணெயில் ஊறிய வலைத்துணி, ஜெலோநெட் மாதிரி. ஒரு தாள் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கும். அதை இரண்டு அடுக்காக வைத்து, மேலே காஸ் பேட் வைத்து, ரோலர் பேண்டேஜ் சுற்றுங்கள். குறை என்னவென்றால், எண்ணெய் காய்ந்தால் இதுவும் ஒட்டும். அதனால் இரண்டு நாளுக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும்.

எதைப் போட்டாலும் பிளாஸ்திரி தோலைத் தொடக் கூடாது. காகிதப் பிளாஸ்திரி பரவாயில்லை என்பார்கள். அப்பாவுக்கு அதுவும் தோலை உரித்தது. ரோலர் பேண்டேஜைச் சுற்றி, அதன் முனையைப் பேண்டேஜின் மேலேயே ஒட்டுங்கள். சுற்றும்போது இறுக்கம் வேண்டாம். ஒரு விரல் உள்ளே போக வேண்டும், விரல் நுனிகள் வெதுவெதுப்பாக, வழக்கமான நிறத்தில் இருக்க வேண்டும். காலில் வீக்கம் இருக்கிறதே என்று நீங்களாக அழுத்தக் கட்டு கட்டாதீர்கள். ரத்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் செய்வார்கள்.

கட்டுப் போட்டதும் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை: பேனாவால் கட்டின் மேல் தேதியும் ஓர் அம்புக்குறியும் போடுங்கள். தோல் ஒட்டியிருக்கும் பக்கத்திலிருந்து விட்டிருக்கும் ஓரம் நோக்கி அம்பு இருக்க வேண்டும். பிறகு கட்டை எடுப்பவர் யாராக இருந்தாலும் அம்பு காட்டும் திசையில்தான் எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் எடுத்தால், நீங்கள் விரித்து வைத்த தோல் மறுபடி கிளம்பிவிடும்.

செலவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை ஒன்றுவிட்டு ஒரு நாள் கிளினிக், ஆட்டோ போக வர, கட்டணம், மருந்து என்று எட்டாயிரத்துக்கு மேல் போனது. இரண்டாம் தடவை மூன்று சிலிக்கோன் தாள், சலைன், கையுறை, பேண்டேஜ் எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. தாளின் விலையைப் பார்த்து நான் முதலில் தயங்கினேன். நீங்கள் தயங்காதீர்கள். அந்தச் செலவு முடியாது என்றால் பாராஃபின் காஸைக் கவனமாகப் பயன்படுத்தினாலும் புண் ஆறும். அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கட்டு மாற்றக் கட்டணம் இல்லை. பாராஃபின் காஸை நீங்களே வாங்கிக்கொண்டு போய், "சிஸ்டர், பஞ்சு வேண்டாம், இதை வைங்க" என்று தன்மையாகச் சொல்லுங்கள். எங்களுக்கு யாரும் மறுத்ததில்லை.

6. டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி)

சுத்தமான சின்னக் காயம் என்றால், கடைசி ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் போட வேண்டும். துருப்பிடித்த இரும்பு, மண், சாணம் பட்ட காயம் என்றால் ஐந்து வருடமே கணக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். காயம் பட்ட அன்றோ மறுநாளோ போய்விடுங்கள்.

நம் நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் 1978-இல்தான் ஆரம்பித்தது. அதனால் இன்றைய தாத்தாக்களில் பலர் சிறுவயதில் இந்த ஊசியைப் போட்டிருக்கவே மாட்டார்கள். பாட்டிகள் கர்ப்பமாக இருந்தபோதாவது போட்டிருக்க வாய்ப்புண்டு. "எப்பப் போட்டேன்னு ஞாபகமில்ல" என்றால் அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு ஊசி போதுமா, கூடுதலாகத் தேவையா என்று அவர் சொல்வார். போட்ட தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

7. ஒரு பையில் போட்டு வைக்க வேண்டியவை

இரவு இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது தேட முடியாது. இப்போதே ஒரு பையில் எடுத்து வையுங்கள்:

- இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல். ரத்தம் உறையாமல் இருக்க உள்ள மாத்திரை, ஸ்டீராய்டு இரண்டையும் மேலே எழுதி அடிக்கோடிடுங்கள். ஸ்டீராய்டு தோலை இன்னும் மெலிய வைக்கும், ஆறுவதையும் தாமதமாக்கும்.
- கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, சர்க்கரை, ரத்த அழுத்த அளவுகள்.
- பிளாஸ்திரி, மருந்து ஒவ்வாமை எதுவும் இருந்தால் அந்த விவரம்.
- டி.டி. சீட்டு, ஆதார் நகல், காப்பீட்டு அட்டை. காப்பீடு பெரும்பாலும் அட்மிட் ஆனால்தான் பயன்படும், வெளிநோயாளியாகக் கட்டு மாற்றும் செலவுக்கு அதை நம்ப வேண்டாம்.

இதோடு, ஒவ்வொரு தடவை கட்டுப் பிரிக்கும்போதும் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் போனில் படம் எடுங்கள். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் அப்பாவின் டாக்டர், பிரிக்காமலே "நல்லா ஆறுது, இன்னும் நாலு நாள் விடுங்க" என்று சொன்னார்.

நடமாட முடியாத முதியவர் என்றால், தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் பதிந்திருக்கிறதா என்று உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கவும் வருகிறார்கள். வரும் நர்ஸிடம் புண்ணைக் காட்டலாம்.

8. கட்டு மாற்றும் நாட்கள்

சிலிக்கோன் கட்டை ஐந்து முதல் ஏழு நாள் வரை தொடாதீர்கள். வெளியே கறை ஓரம்வரை வந்தாலோ, நனைந்தாலோ, நழுவினாலோ, வலி கூடினாலோ மட்டும் முன்னதாக மாற்றுங்கள். தினமும் பிரித்துப் பார்க்க ஆசையாக இருக்கும். ஒவ்வொரு தடவை பிரிப்பதும், ஒட்ட ஆரம்பித்த தோலை அசைப்பதுதான்.

வலி அதிகம் உள்ளவர்களுக்கு மாற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பு பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேறு வலி மாத்திரைகளைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். ரத்தம் உறையாமைக்கான மாத்திரையோடு சேர்ந்தால் அவற்றில் பல ரத்தக் கசிவை உண்டாக்கும். கட்டு ஒட்டியிருந்தால் சலைனை ஊற்றி ஊற வைத்து, அது தானாக விடும்வரை காத்திருங்கள்.

குளிக்கும்போது அந்த இடத்தைப் பிளாஸ்டிக் பையால் சுற்றிக்கொள்ளலாம். அப்பாவுக்கு மூன்று வாரம் உடம்பைத் துடைத்தே விட்டோம்.

சிவப்பு சுற்றிலும் பரவுவது, சூடு, சீழ், நாற்றம், கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல் எதைப் பார்த்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமல் திடீரென்று குழப்பமாகப் பேசுவது, சாப்பிட மறுப்பது மட்டும்கூட அறிகுறியாக இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் மூடிவிடும். காலில் இன்னும் கொஞ்சம் கூடலாம். நான்கு வாரம் ஆகியும் சிறிதாகவில்லை என்றால், ரத்த ஓட்டம், சர்க்கரை, சத்துக் குறைவு இவற்றில் எது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

முட்டை, பருப்பு, பால், மீன் எது ஒத்துக்கொள்கிறதோ அதைத் தினமும் கொடுங்கள். கஞ்சி மட்டும் குடித்துப் புண் ஆறாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதத்தின் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

9. மறுபடி கிழியாமல் இருக்க

ஒரு தடவை கிழிந்தவருக்கு மறுபடி கிழியும். அதனால் கட்டுப் போட்ட அன்றைக்கே இதையும் தொடங்கிவிடுங்கள்.

காலை, மாலை இரண்டு வேளையும் கை கால்களில் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தடவுங்கள். 2014-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், முதியோர் இல்லங்களில் தினம் இரண்டு வேளை தடவியதிலேயே கிழிசல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. குளித்து ஈரம் காய்வதற்குள், முடி வளரும் திசையில், தேய்க்காமல் தடவுங்கள். துண்டால் துடைக்கும்போதும் ஒற்றித்தான் எடுக்க வேண்டும்.

தூக்கும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்குங்கள், படுக்கையில் நகர்த்த விரிப்போடு சேர்த்து நகர்த்துங்கள். பார்த்துக்கொள்பவர் நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரம், வளையலைக் கழற்றி வைக்க வேண்டும். ரத்தம் எடுக்கும் இடத்தில் முன்கூட்டியே, "பிளாஸ்திரி வேண்டாம், பஞ்சை நான் அழுத்திப் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியைத் தேங்காய் எண்ணெய் விட்டு ஊற வைத்து எடுக்கலாம்.

அப்பா வேட்டிதான் கட்டுவார், கால்சட்டை போட மாட்டார். அதனால் பருத்திக் காலுறையின் பாதப் பகுதியை வெட்டிவிட்டு, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை குழாய் மாதிரி போட்டு விடுகிறோம், இறுக்கமில்லாத பெரிய அளவாகப் பார்த்து. கையில் முழுக்கைச் சட்டை. கட்டில் மூலை நான்கிலும் பழைய போர்வையை மடித்துக் கயிற்றால் கட்டியிருக்கிறோம். தாழ்ப்பாளை மாற்றிவிட்டோம். படுக்கையிலிருந்து பாத்ரூம்வரை இரவு முழுக்க ஒரு சின்ன விளக்கு எரிகிறது.

கிழிந்து ஆறிய இடம் பார்க்க நன்றாக இருந்தாலும் பல மாதம் மெலிசாகவே இருக்கும். அப்பாவின் முன்கையில் அந்த இடத்தில் இன்னும் பளபளப்பாக ஒரு திட்டு இருக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்கப் போனால் அந்தக் கையைக் கொடுக்காமல் மறு கையைத்தான் நீட்டுகிறார்.